எந்த மலையின் நீலம்

ஆஷ்பர்ட்டன்,
ஜூன் 14

ரொவீனாவுக்கு,

உன் கடிதம் வந்தது. நான் சாகவில்லை. முழங்கால் மட்டும் குளிருக்கு முனகுகிறது.

ஆகஸ்டில் டாம்சின் என்னோடு இருக்கும் வாரத்துக்கு, பனிச்சறுக்க டார்வெல் மலையைச் சொல்கிறாய். "எல்லாத் தரத்தினருக்கும் ஏற்ற மலை" என்று அவர்கள் அச்சடித்த காகிதத்தையும் வைத்து அனுப்பியிருக்கிறாய். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை, குளிர்காலம் முழுக்க என் மகளுடன் எனக்குக் கிடைப்பது அந்த ஏழு நாள். அதை அங்கே கழிக்க வேண்டுமா? போன வருஷம் ஒரு நாள் போனேன். கம்பியில் தொங்கி மேலே போகும் நாற்காலிக்கு முக்கால் மணி நேர வரிசை. கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கி. பனிமேல் உருளைக்கிழங்கு வறுவலும் தக்காளி சாஸும் மிதிபட்டுக் கிடந்தன, பார்க்கவே குமட்டியது. பக்கத்தில் நின்றவன் உன் புதுக் கணவன் க்வென்டினைப் போலவே புத்தம்புது உடுப்பில், "மச்சான், மேல வைஃபை கிடைக்குமா?" என்கிறான்.

எங்கள் கிளப் மலையில் நாற்காலியும் இல்லை, கடையும் இல்லை. ஓடும் கயிறு ஒன்றுதான். இடுப்பிலிருந்து தொங்கும் இரும்புக் கவ்வியை அதில் மாட்டிக்கொண்டு மேலே போக வேண்டும். அந்தக் கவ்விக்குப் பாக்குவெட்டி என்று பெயர். உனக்கும் ஞாபகம் இருக்கும். சாயங்காலம் முறைபோட்டுப் பாத்திரம் கழுவுவோம். டாம்சினுக்குப் பதின்மூன்று ஆகிவிட்டது. வரட்டும்.

ஒரே கேள்வி. அவள் இப்போது எந்த நிறச் சரிவில் இறங்குகிறாள்? கற்றுக்கொள்பவர்களின் பச்சையா, நடுத்தர நீலமா, கறுப்பா? ஒரு வார்த்தை போதும்.

ஃபெர்கஸ்


கிறைஸ்ட்சர்ச்,
ஜூன் 25

அன்புள்ள ஃபெர்கஸ்,

முழங்காலுக்குக் கம்பளி உறை ஒன்று அனுப்பியிருக்கிறேன். என்னைத் திட்டிக்கொண்டே போட்டுக்கொள். உன் கடிதத்தைப் படித்துவிட்டு க்வென்டின், "அவருக்கு என்னைப் பிடிக்கலையா, என் ஜாக்கெட்டைப் பிடிக்கலையா?" என்று கேட்டான். "ரெண்டையும்தான்" என்றேன்.

டார்வெல்லை நான் சொன்னது சொகுசுக்காக இல்லை. அங்கே சாய்வு குறைந்த இடம் நிறைய. விழுந்தால் சிரித்துக்கொண்டே எழுந்துவிடலாம். உன் மலையில் நான் ஒரு நாள் முழுக்கப் பயந்துகொண்டே நின்றேன். அதை நீ கவனிக்கக்கூட இல்லை.

டாம்சினிடம் கேட்டேன். "நீலம்னு எழுதும்மா" என்றாள். எழுதிவிட்டேன். எனக்கு இதெல்லாம் தெரியாது. நீ பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன்.

ரொவீனா


ஆஷ்பர்ட்டன்,
ஆகஸ்ட் 17

ரொவீனா,

தொலைபேசியில் நீ அழுததால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன். நீலமாம், நீலம்!

ஒவ்வொரு மலையும் தன் சரிவுகளைத் தனக்குள்ளேயே ஒப்பிட்டுத்தான் நிறம் பூசிக்கொள்கிறது. அவள் பழகிய டார்வெல்லின் நீலம் எங்களிடம் வெறும் பச்சை. முப்பது வருஷமாக எனக்குத் தெரிந்த விஷயம். ஆனாலும் உன் எழுத்தில் அந்த வார்த்தையைப் பார்த்ததும் எங்கள் மலையின் நீலம் என்றே வாசித்துவிட்டேன்.

முதல் நாள் காலை. ஓடும் கயிற்றைக் கையுறையால் பிடித்துவிட்டாள். கவ்வியைத் தூக்கிப் போட வரவில்லை. "போடு, போடு" என்று கத்தினேன். "கத்தாதப்பா, போடறேன்!" பின்னால் நின்ற மோரா, எழுபது வயதுக்காரி, "டேய் ஃபெர்கஸ், புள்ள மூஞ்சி வெளுத்துப்போச்சு, விடச் சொல்லுடா" என்றாள். "அவ நீலக்காரி, நீ சும்மா இரு" என்றேன். பாதி வழியில் கை நழுவியது. சறுக்கிக்கொண்டே வந்து பாறையில் மோதினாள். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

அவளுக்கு இந்தப் பட்டத்தைக் கொடுத்தது யார்? டார்வெல்காரர்களா? வருகிறவர்களையெல்லாம் ஒரு படி ஏற்றிச் சொல்லிச் சீட்டு விற்கும் அருவருப்பான பிழைப்பு. இல்லை, க்வென்டினா? பதில் எழுது.

ஃபெர்கஸ்


கிறைஸ்ட்சர்ச்,
ஆகஸ்ட் 26

ஃபெர்கஸ்,

யாரும் கொடுக்கவில்லை. டாம்சின் பச்சைதான். எந்த மலையிலும் அவள் நீலச் சரிவில் இறங்கியதே இல்லை. நேற்றுதான் சொன்னாள்.

போன வருஷம் நீ அவளிடம், "பச்சையில இறங்கறவங்க எல்லாம் வறுவல் திங்க வந்தவங்க" என்றாயாம். "பச்சைன்னு சொன்னா அப்பா என்னைக் கூட்டிட்டுப் போகமாட்டாரும்மா" என்கிறாள். அவளுக்கு உன் மலைமேல் ஆசையில்லை. ஏழு நாள் உன்னோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் வரமாட்டாளாம். கை முறிந்ததற்காக இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது வழி முழுக்க நீ பேசவே இல்லையாம். "அப்பாவுக்கு என்னைப் பார்த்தாலே அருவருப்பா இருக்கு" என்றாள். இதற்கு நான் என்ன பதில் சொல்ல? நீதான் சொல்ல வேண்டும்.

ரொவீனா


ஆஷ்பர்ட்டன்,
செப்டம்பர் 6

ரொவீனா,

உன் கடிதம் ஒரு வாரமாக மேஜைமேல் கிடந்தது.

அருவருப்பு இருந்தது உண்மை. அதனால்தான் வண்டியில் வாய் திறக்கவில்லை. அவள்மேல் என்று அவள் எடுத்துக்கொள்வாள் என எனக்குத் தோன்றவே இல்லை. கயிற்றை நிறுத்தும் கம்பி என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நான் இழுக்கவில்லை. இழுத்திருந்தால் மோரா சொன்னது சரி என்று ஆகியிருக்கும். இதைப் போன கடிதத்தில் உனக்கு எழுதவில்லை.

அடுத்த ஆகஸ்டுக்கு டார்வெல்லில் அறை சொல்லி வைத்திருக்கிறேன். அந்த இடத்தை இன்னும் என்னால் சகிக்க முடியவில்லை. அது என் பாடு. அவள் வரவில்லை என்றால் அறையை விட்டுவிடுகிறேன். உன்னைக் குறை சொல்லமாட்டேன், அவளையும்தான்.

இதனுள் அவளுக்கு ஒரு கடிதம் இருக்கிறது, நான்கு வரி. உறையை ஒட்டவில்லை. நீ படிப்பதற்காக இல்லை. மாவுக்கட்டுக் கையை வைத்துக்கொண்டு ஒட்டிய உறையைப் பிரிப்பது அவளுக்குக் கஷ்டம்.

ஃபெர்கஸ்