மல்லிகா கொடுக்கும் சுருதி

மாஸ்டர்,

இன்று மாலை ஆலையில் நெல் அவித்திருக்கிறார்கள். கூடத்தின் பின்ஜன்னலைத் திறந்ததும் அந்த வாசனை ஆவியோடு உள்ளே வந்துவிட்டது. உங்களுக்குப் பிடித்த வாசனை. எனக்கு அது தொண்டையில் போய் உட்காரும். "ஜன்னலைச் சாத்துங்க மாஸ்டர், குரல் கட்டிக்கும்" என்று நான் சொல்ல, "ஆவிதானேம்மா, நல்லதுதான்" என்று நீங்கள் சொல்ல, சனிக்கிழமை தோறும் இதே வழக்கு. இன்று எதிர்த்துப் பேச ஆளில்லாததால் சாத்தவும் மனம் வரவில்லை. எல்லோரும் வருவதற்கு முன் நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டுவிட்டு, வாசனைக்கு நடுவிலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நான் உங்களை முதலில் பார்த்தது உங்கள் உரக்கடையில். என் வீட்டுக்காரர் காலமான பிறகு வீட்டுத் தோட்டம் ஒன்றுதான் எனக்கு மிச்சம். வேப்பம் புண்ணாக்கு வாங்க வந்திருந்தேன். நீங்கள் மூட்டையைப் பிரித்துக்கொண்டே ஏதோ ஒரு மெட்டைச் சீட்டியடித்துக்கொண்டிருந்தீர்கள். மூன்றாவது வரியில் இறங்க வேண்டிய இடத்தில் ஏறினீர்கள். கான்வென்டில் சிஸ்டர்கள் எங்களை நான்கு குரலாகப் பிரித்துப் பாட வைத்தவர்கள், நான் கீழ்க்குரல். தப்பாக ஒரு ஸ்வரம் கேட்டால் எனக்குப் பல் கூசும். "அந்த இடத்துல இறங்கணும்" என்றேன். நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. தராசிலிருந்து கையை எடுத்துவிட்டு, "சனிக்கிழமை சாயந்திரம் ஆலைக்குப் பின்னாடி கூடத்துக்கு வாங்கம்மா. அங்க உங்களுக்கு நிறைய வேலை இருக்கு" என்றீர்கள்.

வந்து பார்த்தேன். நிறைய வேலை இருந்தது. யூரியா வாங்க வந்தவர்களையும் பூச்சிமருந்துக்குக் கடன் சொன்னவர்களையும் பிடித்து வந்து நிறுத்தியிருந்தீர்கள். சவூதியிலிருந்து திரும்பி வந்து பாத்திரக்கடை வைத்திருந்த தாஜுதீன் பாய் எல்லோருக்கும் ஒரு அடி முன்னால் தொடங்கிவிட்டு, "நான் சீக்கிரம் வந்துட்டேன், நீங்க மெதுவா வாங்க" என்று சிரிப்பார். இவர்களை வைத்துக்கொண்டு பாட்டா என்று நினைத்தேன். நினைத்ததை உங்களிடம் சொல்லவும் செய்தேன். நீங்கள் என்னைக் கொண்டுபோய் மல்லிகாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினீர்கள்.

மல்லிகாவுக்கு அப்போதே முப்பது வயது தாண்டியிருந்தது. பிறந்ததிலிருந்தே மனவளர்ச்சி குறைவு; நாலைந்து சொல்லுக்கு மேல் பேச்சு கிடையாது. பள்ளி ஆசிரியரான அவள் தம்பி இளங்கோ பைக்கில் பின்னால் உட்கார வைத்து அழைத்து வருவான். அவளுக்கு வருவது ஒரே ஒரு ஸ்வரம். நல்ல கனமான குரல், ஆனால் மேலே ஏறாது, கீழே இறங்காது. பாட்டு எங்கே போனாலும் அவள் அங்கேயே நிற்பாள். என் வலது காதுக்குள் அது விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். இடம் மாற்றித் தரச் சொல்லி நான் கேட்டபோதெல்லாம், "இன்னும் ஒரு வாரம் பாருங்கம்மா" என்பீர்கள். அந்த ஒரு வாரம் முடியவே இல்லை.

உங்கள் முறை எனக்குப் புரிய நாளானது. மற்ற இடங்களில் ஆர்மோனியத்தை அழுத்திச் சுருதி கொடுப்பார்கள், எல்லோரும் அதற்கு வந்து சேருவார்கள். நீங்கள் இடது உள்ளங்கையை மல்லிகாவின் பக்கம் விரித்து நீட்டிக் காத்திருப்பீர்கள். அவள் கொடுக்கும் குரல்தான் அன்றைய சுருதி. ஆர்மோனியத்தில் அதைத் தேடிக் கண்டுபிடித்து, மற்றவர்களை அதற்குக் கொண்டுவருவீர்கள். "நகர முடிஞ்சவங்க நகருவோம்மா. நமக்கென்ன கஷ்டம்?" என்று ஒருமுறை சொன்னீர்கள். இசையில் அப்படி ஒரு விதி இல்லை என்றேன். "இல்லைதான்" என்று ஒப்புக்கொண்டீர்கள். ஆனால் அப்படித்தான் செய்தீர்கள். அவள் பெரும்பாலும் நாலு கட்டைச் சுருதியில் நிற்பாள். வயதான என் குரலுக்கு அது பாந்தமாக இருந்ததால் நானும் வாதத்தை விட்டுவிட்டேன்.

கும்பகோணத்து விழாவுக்கு நம்மை அழைத்தபோது எல்லோருக்கும் ஒரே பரபரப்பு. ஆற்றில் தண்ணீர் திறந்து அது கடைமடைக்கு வந்து சேர்வதைப் பற்றி நீங்களே கட்டிய பாட்டு. பல மாதப் பயிற்சி. தாஜுதீன் பாய் கூட மூன்று பாட்டில் ஒரு பாட்டுக்குச் சரியான நேரத்தில் தொடங்கக் கற்றுக்கொண்டிருந்தார்.

மத்தியானம் ஒத்திகையில்தான் தெரிந்தது. விழாச் செயலாளர் நம்மைக் கேட்காமலேயே, நாம் முன்பே அனுப்பியிருந்த அந்தப் பாட்டுக்கு ஸ்டுடியோவில் ஒரு ட்ராக் போட்டு வைத்திருந்தார். தபேலா, வயலின், பின்னணியில் குழந்தைகள் குரல் எல்லாம் இருந்தது. அதைப் போட்டார்கள். நாம் பாடினோம். மல்லிகாவின் குரல் அதன் மேல் மோதி, ஸ்பீக்கரில் இரண்டாய்ப் பிளந்து கேட்டது. முன்வரிசையில் பேனர் கட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

செயலாளர் மேடைக்கு வந்தார். மிகவும் மரியாதையான மனிதர். "மாஸ்டர், அந்த மஞ்சள் சேலைப் பொண்ணுக்கு மட்டும் கீழ சேர் போட்டுடறேன். முதல் வரிசையில, விஐபி மாதிரி. ஜூஸ் குடுக்கச் சொல்றேன். பாவம், எவ்வளவு நேரம் நிக்கும்?"

"அவ நாள் பூரா நிப்பா சார்" என்றான் இளங்கோ மேடைக்குக் கீழே இருந்து. "நாத்துப் பறிக்கிறவ."

"ஜூஸ் உண்டுன்னா நானும் தப்பாப் பாடறேன் சார்" என்றார் தாஜுதீன் பாய்.

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "அம்மா, உங்க காதுக்கு எப்படி இருக்கு?"

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நன்றாக இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டீர்கள். "மோதுது" என்றேன். இளங்கோவின் முகம் இறுகியது. "ட்ராக் ஒன்றரைக் கட்டை மேல இருக்கு. இந்தப் பாட்டுக்கு மல்லிகா குடுத்த சுருதி வேற. அதுலதான் இத்தனை மாசமாப் பாடறோம். இடம் மாறினது நாங்க இல்லை."

"ஸ்டுடியோல போட்டதும்மா, அது எப்படித் தப்பாகும்?"

"தப்புன்னு சொல்லலை. எங்களோடது இல்லைன்னு சொல்றேன்."

செயலாளர் வாட்சைப் பார்த்தார். "சரி, ட்ராக் வேணாம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் முகம் சரி என்று சொல்லவில்லை.

மேடைக்குப் பின்னால் இளங்கோ உங்களை ஓரமாக அழைத்தான். நான் சேலை மடிப்பைச் சரிசெய்வது போல நின்று எல்லாவற்றையும் கேட்டேன். "அண்ணே, ஒண்ணு சொல்லிடறேன். சொந்தக்காரங்க கல்யாணத்துலயே இவளை உள்ரூம்ல உக்கார வச்சுத்தான் சோறு போடுவாங்க. எங்கம்மா இன்னிக்குத்தான் இவளுக்குத் தலை நெறையப் பூ வச்சு ஊர் பார்க்க அனுப்பியிருக்கு. மேடையிலேருந்து எறக்கிட்டீங்கன்னா, அதுக்கப்புறம் வாசப்படி தாண்ட விடாது."

நீங்கள் "ம்" என்றீர்கள். அவ்வளவுதான். என்ன முடிவு செய்திருக்கிறீர்கள் என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

மாலையில் திரை விலகியது. அரங்கு நிறைந்திருந்தது. நீங்கள் வணங்கிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினீர்கள். உள்ளங்கையை விரிப்பதற்கு முன்பே ஸ்பீக்கரில் தபேலா கேட்டது. ட்ராக்கைப் போட்டுவிட்டார்கள்.

பாடத் தொடங்கினால் ஒத்திகையில் நடந்ததுதான் இத்தனை பேர் முன்னால் நடக்கும். பாடாமல் நின்றாலும் அவமானம்தான். நீங்கள் இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டித் தொங்கவிட்டீர்கள். முன்னிசை முடிந்தது. நாம் தொடங்க வேண்டிய இடம் வந்தது, போயிற்று. கைகள் எழவில்லை. தாஜுதீன் பாய் வாயைத் திறந்துவிட்டு, உங்களைப் பார்த்து மூடிக்கொண்டார். ஸ்பீக்கரில் முகம் தெரியாத குழந்தைகள் நம் பாட்டைப் பாடினார்கள். நாம் வாய் மூடி நின்றோம். பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். பக்கவாட்டில் செயலாளர் கையை ஆட்டி ஆட்டி, "பாடுங்க, பாடுங்க!" என்றார். மல்லிகா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

அரங்கில் இருந்தவர்கள் பார்த்தது ஆடாமல் நின்ற ஒரு முதுகை. உங்கள் முகத்தைப் பார்த்தது நாங்கள் மட்டும்தான். கீழுதடு துடித்துக்கொண்டிருந்தது. மீசையின் மேல் வியர்வை. கட்டைவிரல்களை முஷ்டிக்குள் வைத்து அழுத்தியிருந்தீர்கள்.

ஒலிப்பெட்டிக்காரர் தானாகவே ட்ராக்கை நிறுத்தினார். செயலாளர் மேடை ஓரம் வரை வந்துவிட்டார். அப்போதுதான் இடது உள்ளங்கையை மல்லிகாவின் பக்கம் விரித்தீர்கள்.

அவள் கொடுக்கவில்லை. பயந்துபோய் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரங்கில் ஒரு குழந்தை அழுதது. ஆர்மோனியத்தை அழுத்திவிடுங்கள், இல்லை நானாவது மெல்ல எடுத்துக் கொடுக்கிறேன் என்று கண்ணால் கேட்டேன். நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை. நீட்டிய கை இறங்கவில்லை.

பிறகு கொடுத்தாள். பயத்தில் குரல் எங்கேயோ ஏறிவிட்டிருந்தது. ஆறு கட்டை. அவளிடமிருந்து அப்படி ஒரு ஸ்வரம் அதுவரை வந்ததில்லை. அதில் போனால் பாட்டின் உச்சி எங்கே இருக்கும் என்று எனக்கு அந்த நொடியே தெரிந்தது. உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இன்னொரு முறை கேட்டு வாங்கியிருக்கலாம். நீங்கள் தலையை ஆட்டி, அதையே எடுத்துக்கொண்டீர்கள்.

முதல் அடி கடந்தேன். சரணத்தில் மூச்சு முட்டியது. தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும் அந்த உச்சியில் என் குரல் உடைந்தது. எனக்கு முன்னால்தான் மைக். கும்பகோணம் முழுக்கக் கேட்டிருக்கும். கான்வென்டில் பரிசு வாங்கிய குரல், வாழ்நாளில் ஒரு ஸ்வரம் தவறாத குரல். வாயை மூடிக்கொண்டு இறங்கிப் போய்விடலாம் என்று தோன்றியது. மல்லிகா மணிக்கட்டை விடவில்லை. அவள் தன் ஒற்றை ஸ்வரத்தில் நின்றுகொண்டிருந்தாள். போக வேறு இடம் இல்லாமல் நானும் அதில் போய் நின்றேன். கடைசிவரை அதைவிட்டு நகரவில்லை. ஒரே ஸ்வரத்தில் அத்தனை நேரம் நிற்க எவ்வளவு மூச்சு வேண்டும் என்று அன்றுதான் தெரிந்தது.

கைதட்டல் பெரிதாக ஒன்றும் இல்லை. செயலாளர் விடைபெறக்கூட வரவில்லை. அந்த விழாவுக்கு நம்மை அதன்பின் யாரும் அழைக்கவும் இல்லை. இளங்கோ மட்டும் மேடைப் படியிலேயே அக்காவை நிறுத்தி, சரிந்திருந்த பூவை எடுத்துச் செருகிக்கொண்டிருந்தான். அவனுக்கு அது சரியாக வரவில்லை. நான்தான் வாங்கி வைத்துவிட்டேன்.

வேனில் நீங்கள் என் பக்கத்து இருக்கைக்கு வந்தீர்கள். "உச்சியில உங்களை விட்டுட்டோம்மா."

"ஆமா. விட்டுட்டீங்க."

"அவளுக்கு அங்கதான் நிக்க முடிஞ்சுது."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்குக் கோபம் இருந்தது மாஸ்டர். மறைக்க ஒன்றுமில்லை, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் இடம் மாற்றச் சொல்லி அதன்பின் நான் கேட்கவில்லை.

பங்குனியில் நீங்கள் கடையிலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல எல்லோரும் கூடத்துக்கு வந்துவிட்டோம். எங்கே போவதென்று தெரியாமல்தான் வந்தோம். தாஜுதீன் பாய் என்னைப் பார்த்து, "அக்கா, நீங்கதான் முன்னாடி நிக்கணும். எங்களைத் திட்டுறதுக்கு வேற யாருக்கு இவ்வளவு தகுதி இருக்கு?" என்றார். நின்றேன்.

நான் உங்களைப் போல் இல்லை. மூன்றாவது சரணத்தை நீங்கள் இழுப்பீர்கள். நான் இழுக்க விடுவதில்லை. தாமதமாக வருகிறவர்களை வாசலிலேயே நிற்க வைக்கிறேன். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் சுருதி மட்டும் நீங்கள் வாங்கிய இடத்திலிருந்துதான் வாங்குகிறேன்.

முதல் சில வாரங்கள் அவள் கொடுக்கவில்லை. என் கையைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "விட்டுடுங்கம்மா, ஆர்மோனியத்தைப் போட்டு ஆரம்பிங்க. அவ சும்மா நின்னாப் போதும்" என்றான் இளங்கோ. அவன் எனக்காகத்தான் சொன்னான். அப்படி ஆரம்பித்திருந்தால் அடுத்த வாரம் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், அதற்கடுத்த வாரம் வீட்டில். நான் கையை இறக்கவில்லை. பாடாமலே கலைந்த மாலைகளும் உண்டு. முணுமுணுத்தார்கள். நான் அசையவில்லை என்று வெளியில் பேசிக்கொள்கிறார்களாம். தோள் வலியோடு என்ன பயத்தில் நின்றேன் என்பது எதிரே இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த மேடையில் உங்களுக்கு என்ன நிச்சயம் இருந்தது என்று நான் பலமுறை கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டேன். இப்போது கேட்கத் தேவையில்லை. ஒரு நிச்சயமும் இருந்திருக்காது. ஒவ்வொரு சனிக்கிழமையும் கையை நீட்டும்போது எனக்கு ஒரே பயம்தான். இன்று வராமல் போனால்? என் முகத்தில் அது அப்படியே தெரியும் என்று நினைக்கிறேன். முகத்தை மாற்றிக்கொள்ள எனக்குத் தெரியாது. மல்லிகா இப்போது வாசலைப் பார்ப்பதில்லை. அந்த முகத்தைத்தான் உற்றுப் பார்க்கிறாள். அவசரமில்லாமல், பார்த்து முடிக்கும் வரை பார்க்கிறாள். பார்த்து முடித்ததும் வாயைத் திறக்கிறாள்.