நீ குளிக்கையில கூப்பிட்டான்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. என் முழங்கால் ஒன்றைத் தவிர வீட்டில் எல்லாரும் சுகம், நீயும் வேலைக்குப் போன அந்தக் குளிர்தேசத்தில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். அம்மா இட்டுக்கட்டுகிறாள் என்று நீ பிறகு சொல்லக்கூடாது, அதனால் சனிக்கிழமை அந்த அரங்கில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான், வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் வந்த உன் பெண்டாட்டி, கிட்டாரோடு உன் மகள் சிட்டு, அவளுக்கு டிரம்ஸ் அடிக்கும் பேக்கரிக்காரர் மகள், நடுவர்களாக ரிட்டயர்டு டீச்சரும் கீபோர்டு ரிப்பேர்காரரும். மற்றபடி இருநூறு நாற்காலி, பாதி காலி.

ராக் பாட்டு எழுதுகிறவர்களுக்குப் போட்டி, ஜெயித்தால் ஸ்டூடியோவில் பாட்டைப் பதிவு பண்ணித் தருவார்கள், நாலு மாதமாகச் சிட்டுவுக்கு அதே நினைப்பு. வார்த்தைக்கு ஐம்பது மார்க், மெட்டுக்கு ஐம்பது. ஒன்றின் குறையை இன்னொன்று மூடிவிடக்கூடாதாம், அதனால் டீச்சர் வார்த்தையைத் தாளில் பார்த்து வாசித்து மார்க் போடுவாள், ரிப்பேர்காரர் வார்த்தையில்லாமல் லா லா என்று பாடச்சொல்லி மார்க் போடுவார். இரண்டையும் சேர்த்துப் பாடுவது எல்லாம் முடிந்தபிறகு, சும்மா எங்கள் சந்தோஷத்துக்கு. இந்த டீச்சர் யார் தெரியுமா, நீ ஆறாவது படிக்கும்போது மழைநாளில் என் குடையை வாங்கிப்போய்க் கம்பியை ஒடித்துத் திருப்பித் தந்தவள், நீ மறந்திருப்பாய், நான் மறப்பேனா.

சிட்டுவின் தாள் வந்தது. மொத்தம் இரண்டே வரி. ‘இந்த ஞாயிறு கூப்பிடறேன்’, ‘நீ குளிக்கையில கூப்பிட்டான்’. அதையே மாற்றி மாற்றி ஒன்பது தரம். டீச்சர் வாசிக்க வாசிக்க அரங்கமே சிரித்தது, எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. முதல் வரி உன்னுடையது, போனை வைக்கும்போதெல்லாம் நீ அவளிடம் சொல்வது. இரண்டாவது என்னுடையது. நீ கூப்பிடாத ஒவ்வொரு ஞாயிறும், பிள்ளை முகம் வாடக்கூடாதென்று, நீ குளிக்கப் போனபோது அப்பா கூப்பிட்டு விசாரித்தான் என்று நான் அளந்துவிட்டது. நம்பிவிட்டாள் என்றிருந்தேன். தமாஷ் பாட்டு என்று டீச்சர் பதினொன்று போட்டாள். மெட்டு இனிமைதான், ராக்குக்கு உறைப்புப் போதாது என்று ரிப்பேர்காரர் இருபது போட்டார். போச்சு.

பிறகுதான் சேர்த்துப் பாடினாள். முதல் தரம் ஞாயிறு என்ற இடத்தில் குரல் துள்ளி ஏறியது, அப்புறம் ஒவ்வொரு தரமும் ஒரு படி இறங்கிக்கொண்டே வந்தது, டிரம்ஸ் மட்டும் யாரோ கதவைத் தட்டுவதுபோல விடாமல் கேட்டது. ஒன்பதாவது தரம் ‘குளிக்கையில’ என்றதோடு நிறுத்திவிட்டாள், மீதியைப் பாடவேயில்லை. ஒருத்தரும் சிரிக்கவில்லை. உன் பெண்டாட்டி என்னைத் திரும்பிப் பார்க்காமல் என் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். நான் எழுந்துவிட்டேன். “முப்பது வருஷம் சட்டைக் கம்பெனியில இருந்தவ கேக்கறேன். பட்டனைத் தனியா, காஜாவைத் தனியா பார்த்து மார்க் போட்டா சட்டை பூட்டுமான்னு எப்படி டீச்சர் தெரியும்?” அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “தாள்ல இது எதுவும் தெரியலையேம்மா” என்றாள். போட்ட மார்க்கை மாற்ற விதியில்லையாம், பரிசு ஒரு மோட்டார் சைக்கிள் பாட்டுக்குப் போனது.

வரும் வழியில், எப்போதிருந்தடி தெரியும் என்று சிட்டுவைக் கேட்டேன். “முதல் தடவையே தெரியும் பாட்டி. பொய் சொன்னா நீ காதைத் தடவுவே” என்றாள். ஏன் சொல்லவில்லை என்றேன். நான் அவ்வளவு ஆசையாகச் சொன்னேனாம், கெடுப்பானேன் என்று விட்டுவிட்டாளாம்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, நீ நூறு வயசு குறையில்லாமல் இருக்கவேண்டும், அந்த ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. இனி உனக்காகப் பொய் சொல்வதில்லை என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். ஞாயிறு விடிந்ததிலிருந்து குளிக்கப் போகமாட்டாளாம், ஞாபகம் வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா

டீச்சரை மன்னித்துவிட்டேன், குடை உட்பட. ரிப்பேர்காரரையும்தான். இன்னும் மன்னிக்காதது ஒருத்தனை, என் பெரியவனை.