பாலு, உன் கால் சோம்பேறியில்லை

என் செல்லத் தம்பி பாலுவுக்கு,

எப்படிடா இருக்கிறாய் என்று கேட்க வாய் வரவில்லை. நீ போய் மூன்று வருஷம். அதற்குள் நான் சென்னையில் நர்ஸ் ஆகிவிட்டேன். ஊசியைக் கண்டால் ஊரைக் கூட்டிய உன் அக்கா இப்போது ஊருக்கே ஊசி போடுகிறாள். சிரிக்காதே.

உன்னிடம் ஒரு செய்தி சொல்ல வேண்டும். செஞ்சி ராஜகிரிக் கோட்டைப் படியில் பாதியில் நின்றாயே. "கால் கட்டையாயிடுச்சுக்கா, கொஞ்சம் குந்திட்டா சரியாயிடும்" என்றாயே. "சோம்பேறி பேச்சப் பாரு, நிக்காம ஏறுடா" என்று முதுகில் கைவைத்து உச்சிவரை தள்ளியவள் நான்தான். மறுநாள் உனக்குச் சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் போனது. சிறுநீரகம் கெட்டு ஐந்தாம் நாள் நீ இல்லை. ஏன் என்று எந்த டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை.

இந்தச் சித்திரையில் நம் தங்கை வசந்தாவும் தண்ணீர்க் குடத்தோடு வழியில் உட்கார ஆரம்பித்தாள். நீ படியில் நின்றதுதான் நினைவுக்கு வந்தது. சென்னைக்கு, எங்கள் ஆஸ்பத்திரிக்கே இழுத்துக்கொண்டு போனேன். பெரிய டாக்டர் ரத்தமும், கொஞ்சம் சதையும் எடுத்துச் சோதித்தார்.

"தசையில சேர்த்து வெச்ச சர்க்கரைய உடைச்சு சக்தியாக்க, பாஸ்பாரிலேஸ்னு ஒரு நொதி வேணும்மா. இவளுக்குப் பிறவியிலேயே அது இல்ல" என்றார்.

குதிர் நிறைய நெல், திறக்கத்தான் ஆளில்லை. சற்று நின்றால் ரத்தம் வேறு சத்தைக் கொண்டுவந்து கொடுக்குமாம். நிற்காமல் விரட்டினால் சதையே உடைந்து சிறுநீரகத்தை அடைக்குமாம். உனக்கும் இதேதான் இருந்திருக்குமாம். உன் உடம்புக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே, கண்ணு! மருந்தும் கிடையாதாம், நிதானம் ஒன்றுதானாம்.

போன வாரம் லீவில் நம் ஊருக்குப் போனேன். அவலூர்பேட்டை சந்தைக்குப் போக, பஸ் நிறுத்தத்துக்கு நைனாவோடு நானும் வசந்தாவும் நடந்தோம். வசந்தா நின்றுவிட்டாள். தூரத்தில் பஸ் தெரிந்தது.

"ஓடியா, பஸ்ஸு பூடும்" என்று கத்திய நைனா, சட்டென்று வாயை மூடிக்கொண்டார். திரும்பி வந்து அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். "போனா போவுது. குந்து கண்ணு."

பஸ் போய்விட்டது. "அவனும் இப்டித்தான நின்னான்?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமா நைனா. நான்தான் தள்ளினேன்." மூன்று வருஷமாகச் சொல்லாததைச் சொல்லிவிட்டேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "நானுந்தாம்மா அவன சோம்பேறின்னு அடிச்சிருக்கேன்" என்று சொல்லி அழுதார். வசந்தா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பாலு, அவள் எங்கே நின்றாலும் நானும் நிற்பேன். எத்தனை பஸ் போனாலும் சரி. இது சத்தியம்.

இன்னும் உன் அக்கா என்றே சொல்லிக்கொள்ளும்,
கமலா