சீட் பெல்ட் மேல் போட்ட பழி

ஞாயிறு, காலை

அன்புள்ள என் கப்பல்காரருக்கு,

நீங்களும் இன்ஜின் அறையில் உங்களோடு சேர்ந்து வேகிற மற்றவர்களும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் நலம் என்று அடுத்த வரி எழுதித்தான் எனக்குப் பழக்கம். இன்று கை வரவில்லை. எங்காவது உட்கார்ந்துகொண்டு மேலே படியுங்கள்.

போன வாரம் துறைமுகத்திலிருந்து பேசியபோது, "குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டீர்கள். சளி என்றேன். சளியும் இல்லை, ஒன்றும் இல்லை. அன்று மதியம்தான் பரிசோதனை முடிவைச் சொல்லியிருந்தார்கள். எனக்கு இடது மார்பில் புற்றுநோய். வருகிற வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. சொல்லத்தான் வாயெடுத்தேன். உங்களுக்குப் பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது, பொய் முந்திக்கொண்டது. எழுதினால் அழாமல் முழுசாகச் சொல்லலாம் என்றுதான் கப்பல் அலுவலகத்துக்கு மெயில் அனுப்புகிறேன். கேப்டன் ஐயா, நீங்கள் முதலில் படித்துவிட்டீர்கள் என்றால், தயவுசெய்து இவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கொடுங்கள்.

என்னிடம் கார் ஓட்டப் பழகும் பல் டாக்டரைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? ஊரார் பல்லையெல்லாம் பதறாமல் பிடுங்குகிற பெண்மணி, ஸ்டியரிங்கைப் பிடித்தால் நடுங்குவார். ஒரு பூனை குறுக்கே போய்விட்டால் போதும், பிரேக்கில் ஏறி நின்றுவிடுவார். அப்படி நின்ற ஒரு நாள் சீட் பெல்ட் இறுக்கி மார்பில் சுருக்கென்று வலித்தது. வீட்டுக்கு வந்து தடவிப் பார்த்தால் ஒரு கட்டி. நாள் முழுக்கப் பெல்ட்டும் பிரேக்குமாக உட்கார்ந்திருக்கிறவளுக்கு வேறென்ன தோன்றும்? பெல்ட் அழுத்திய வீக்கம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். பெல்ட்டுக்கு அடியில் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் பாடம் நடத்தினேன். பெல்ட்டைச் சரிசெய்து தரவில்லை என்று மெக்கானிக்கிடம் சண்டை வேறு. பாவம், அவர் இரண்டு தடவை கழற்றி மாட்டிக் கொடுத்தார்.

கடைசியில் பல் டாக்டர்தான் அந்தக் கைக்குட்டை எதற்கு என்று கேட்டார். சொன்னேன். கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, வண்டியை ஓரம் கட்டினார். "டீச்சர், இன்னைக்கு கிளாஸ் போதும். இடம் மாறி உட்காருங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றார். அவர் அவ்வளவு ஒழுங்காக ஓரம் கட்டி நான் பார்த்ததே இல்லை.

பெல்ட்டுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்று ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டரம்மா சொன்னார். அது வலித்திருக்காவிட்டால் நான் இன்னும் தாமதமாகத்தான் வந்திருப்பேனாம். ஆரம்ப நிலைதான் என்கிறார். கட்டியை மட்டும் எடுத்துவிட்டுப் பிறகு கதிர்வீச்சு கொடுக்கலாம், அல்லது மார்பையே எடுத்துவிடலாம். "உங்க விஷயத்துல உயிருக்கு ரெண்டும் ஒண்ணுதான், நீங்க யோசிச்சு சொல்லுங்க" என்றார். நாளைக்குள் சொல்லியாக வேண்டும்.

அத்தை, "முழுசா எடுத்துடச் சொல்லு, மிச்சம் மீதி எதுக்கு?" என்று அதட்டுகிறார். அதட்டிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறார். எனக்குக் கேட்காது என்று நினைப்பு. வாளி நிரம்பி வழிந்தாலும் குழாயை மூட மறந்துவிடுகிறார். உங்கள் அம்மாவை இப்படி நான் பார்த்ததில்லை. அவருக்கு நீங்கள் தனியாக நாலு வரி எழுதுங்கள்.

என் அண்ணன்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வருகிறான். அவன் ஓட்ட ஓட்ட, பயிற்சி வண்டியில் என் பக்கமும் இருக்கிற பிரேக் நினைப்பில், இல்லாத பிரேக்கை என் கால் மிதித்துக்கொண்டே வருகிறது. "இது உன் ஸ்கூல் வண்டி இல்ல, காலைச் சும்மா வை" என்கிறான். வைக்க முடியவில்லை. இரண்டு வாரமாக எனக்கு எல்லாமே அப்படித்தான் இருக்கிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று உங்களிடம் கேட்கத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். எழுதும்போதே ஒன்று புரிந்தது. பின்னால் ஏதாவது தப்பாகப் போனால் பழி போட எனக்கு ஒரு ஆள் வேண்டும், அதற்காகத்தான் கேட்கிறேன். பெல்ட் மேல் போட்டது போதும். முழுவதுமாக எடுத்துவிடச் சொல்லப்போகிறேன். அத்தை சொன்னதற்காக இல்லை. மிச்சத்தை வைத்துக்கொண்டு தினமும் தடவித் தடவிப் பயப்பட என்னால் ஆகாது, அவ்வளவுதான். இது என் முடிவு. நீங்கள் சரி என்று சொல்லவும் வேண்டாம், வேண்டாம் என்று தடுக்கவும் வேண்டாம்.

ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு நடுக்கடலிலிருந்து ஓடி வராதீர்கள். வியாழக்கிழமைக்குள் எப்படியும் வந்து சேர முடியாது. முடிகிறபோது வாருங்கள்.

எனக்கு ஆபரேஷன் பயம் இருக்கிறது, மயக்க மருந்து பயம் இருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் வேறு. நீங்கள் வருகிற அன்று கதவைச் சாத்திவிட்டு உங்களிடம் காட்டுவேன். அப்போது நான் கண்ணாடியைப் பார்க்கப் போவதில்லை, உங்கள் முகத்தைத்தான் பார்ப்பேன். பயமாக இருந்தால் பயந்த முகத்தையே காட்டுங்கள், அழுகை வந்தால் அழுங்கள். சளி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கடலும் காற்றும் உங்களைக் கேடில்லாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

என்றும் உங்கள்,
வீட்டுக்காரி