கந்தளாயிலிருந்து வந்த பீரங்கிக்காரர்

2024 மார்ச் 4
இன்று கிளினிக்கில் கடைசியாகக் காது சோதிக்க வந்தவர் கந்தளாய் சோமசிறி. அறுபது வயது. மகள் நிலூகா கூட வந்தாள். இரண்டு காதும் ஏறக்குறையப் போய்விட்டது. படிவத்தில் முன்னைய தொழில்? "காலதுவக்கு" என்றார் சிங்களத்தில். 'பீரங்கிப் படைவீரர்' என்று எழுதினேன். மூதூரில் நாங்கள் சொல்வது வேறு: ஷெல் அடிக்கிறவன்.

எங்கே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ரெண்டாயிரத்தி ஆறு. இந்த டவுன்ல இருந்து மூதூர்ப் பக்கம் அடிச்ச."

மார்ச் 5
என் உடன்பிறந்த றுமைஸ் நானா ஷெல் பட்டு மௌத்தானதும் அந்த வருசம்தான். பதினாறு வயது. எந்தப் பக்கத்து ஷெல் என்று இன்றுவரை தெரியாது. உம்மாவிடம் இவரைப் பற்றிச் சொல்லவில்லை.

மார்ச் 19
சோமசிறியின் காதுக் கருவிகள் கொழும்பிலிருந்து வந்தன. என் மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

மார்ச் 21
நிலூகா போன் எடுத்தாள். "மிஸ், அப்பாட மெசின் வந்ததா?"

இல்லை என்றேன். நோன்பு வாயோடு பொய். ஏன்? வாய் தவறி வந்தது — இல்லை, தெரிந்துதான் சொன்னேன்.

ஏப்ரல் 2
அவரே பஸ்ஸில் வந்துவிட்டார். "பின்னால வாகனம் வாறது கேக்கிறல்ல, நோனா."

ஷெல் எங்கே விழும் என்று தெரியுமா என்று சிங்களத்தில் எழுதிக் காட்டினேன். வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார். "நம்பர் மட்டும்தான் தருவாங்க. விழுற இடம் நாங்க பாக்கிறல்ல."

கருவி இன்னும் வரவில்லை என்று அடுத்த கிழமை வரச் சொல்லி அனுப்பினேன்.

ஏப்ரல் 8
வீதியைக் கடக்கும்போது சோமசிறியை லொறி அடித்துவிட்டதாம். ஹோன் அடித்தும் அவர் விலகவில்லை. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

யா அல்லாஹ்.

ஏப்ரல் 10
பெருநாள். "ஏன் மகள் திங்கிறாய் இல்ல?" உம்மா கேட்டார். எல்லாம் சொன்னேன். உம்மா என் பக்கம் நிற்பார் என்று நினைத்தேனா?

"என்ட புள்ளட பேரச் சொல்லியா இதச் செஞ்ச நீ?"

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஏப்ரல் 12
வார்டுக்குப் போனேன். கருவிகளை நானே அவர் காதில் பொருத்தினேன். கேட்கிறதா என்றேன். தலையாட்டிச் சிரித்தார். பிறகு சொன்னேன் — நானாவை, லாச்சியை, எல்லாவற்றையும்.

"அண்ணனுக்கு எத்தின வயசு?"

"பதினாறு."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நிலூகா என் பையை எடுத்துக் கையில் தந்தாள். "இனி வர வேணாம், மிஸ்."

மே 6
நிலூகா மட்டும் வந்தாள். இடது பக்கக் கருவி கீச்சிடுகிறதாம். பக்கத்து மேசை ஜெஸ்மினிடம் கொடுத்துச் சரிபார்த்துக்கொண்டு போனாள். அவ்வளவு நேரமும் நான் அங்கேதான் இருந்தேன்.