மணலில் நிற்காத முளை

வயோமிங்

அன்பு லோர்னா,

நீயும் உன் முழங்காலும் சுகமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: உட்கார முடியாமல் நின்றபடிதான் எழுதுகிறேன்.

இன்னொரு ஆட்டுக்குட்டி செத்தால் என் வேலை போய்விடும் என்றிருந்தார் பண்ணைக்காரர் வெர்ன். கயோட்டி நரிக்கு இரண்டு இரும்புப் பொறிகள் வைத்தேன்; ஒவ்வொன்றின் சங்கிலியையும் தரையில் அடித்த முளையில் மாட்டவேண்டும்.

"மணல்ல குட்டை முளை நிக்காதுய்யா, நீளமா அடி!" என்றார் வெர்ன். ஒன்றுக்கு அடித்தேன், மற்றதற்குச் சோம்பல்.

குட்டை முளையைப் பிடுங்கிக்கொண்டு பொறியோடு ஓடியது நரி. சங்கிலியைப் பிடித்தேன். முளை சுழன்று என் பல்லை உடைத்தது. நரி மணிக்கட்டைக் கிழித்தது. அதன் மண்டை பிளக்கும்வரை சுத்தியலால் அடித்துவிட்டு, மூச்சு வாங்க உட்கார்ந்தேன்.

"நரிதான் செத்துச்சே, நீ ஏன்யா எந்திரிக்கல?" என்றார் வெர்ன்.

கவலைப்படாதே, வேலை தப்பியது. பஞ்சுத் திண்டு ஒன்று அனுப்பு. நீளமாகக் கடிதமும் எழுது, இங்கே பேச்சுத்துணைக்கு ஆடுகள்தான். இதைத் தபாலில் போட வெர்ன் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

உன் டுவெய்ன்

பி.கு.: நான் உட்கார்ந்தது இரண்டாவது பொறிமேல். அதன் முளை அசையவே இல்லை.