வாயுள்ள சுவர்

மார்ச் 4
இன்று என் மானம் கப்பலேறியது. அலுவலகப் பெரிய கூடத்தின் கோடியில் அரைவட்டமாக வளைந்த சுவர் ஒன்று இருக்கிறதல்லவா, அதன் ஒரு முனையில் நின்று காசாளரிடம் கிசுகிசுத்தேன்: "மேடம் சிரிச்சு யாராவது பாத்திருக்காங்களா? பல்லு இருக்கா இல்லையான்னே தெரியலயே!"

மறுமுனையில் முதுகைக் காட்டி நின்றிருந்த எங்கள் மேலதிகாரி மேடம் திரும்பினார். "முப்பத்திரண்டும் இருக்கு சார்."

காசாளர் மாயமாகிவிட்டார். நடுவில் மனு கொடுக்க வந்த கூட்டம் சந்தையாய் இரைகிறது. அதைத் தாண்டி எப்படிக் கேட்டது? சுவருக்குக் காது உண்டு என்பார்கள். எங்கள் சுவருக்கு வாயும் உண்டு போல.

மார்ச் 5
சோதனை. காசாளரை மறுமுனையில் நிறுத்திவிட்டு, சுவரோடு வாய் வைத்து அவருடைய பட்டப்பெயரைச் சொன்னேன். அங்கிருந்தே கையை ஓங்கினார். இரண்டடி தள்ளி நின்று சொன்னால் கேட்கவில்லை. ஆக, குரல் சுவரைத் தடவிக்கொண்டே ஊர்கிறது!

மார்ச் 7
கட்டடத்துக்கு நூற்றைம்பது வயது. முதலில் கருவூலம், பிறகு நீதிமன்றம், கடைசியில் நாங்கள் — வாசல் கல்வெட்டு சொல்கிறது. அப்படியானால், வக்கீல் இந்த முனையில் முணுமுணுத்ததை நீதிபதி அந்த முனையில் கேட்டிருப்பாரோ? என்ன மூளை அந்தக் கொத்தனார்களுக்கு!

மனைவியிடம் வியந்தேன். "நம்ம வீட்டையும் அவங்களையே கட்டச் சொல்லியிருக்கலாம். சமையலறையிலேருந்து நான் கத்துறதாவது உங்க காதுல விழுந்திருக்கும்."

மார்ச் 11
சுவரில் சிவப்புப் பெருக்கல் குறி. "கூடத்தை அகலப்படுத்துறோம் சார். திங்கக்கிழமை இடிக்கிறோம்" என்கிறார் பொறியாளர். ஐயோ, இப்பத்தானேய்யா கண்டுபிடிச்சேன்!

மார்ச் 12
தூக்கம் இல்லை. ஒரு சுவருக்காகவா? ஆமாம், ஒரு சுவருக்காகத்தான்.

மார்ச் 13
பல் விவகாரத்துக்குப் பின் முதல் தடவையாக மேடத்தின் எதிரில் போய் நின்றேன். "ஒரே நிமிஷம், இந்தச் சுவத்துல காது வைங்க மேடம்." முறைத்தார். வைத்தார். மறுமுனையில் பொறியாளர் அளவுநாடாவைப் பிடித்தபடி உதவியாளரிடம் ஏதோ முணுமுணுத்தார். மேடத்தின் புருவம் ஏறியது.

"எனக்கு ஒண்ணும் தெரியாது, நீட்டுன இடத்துல கையெழுத்துப் போட்டுடுவேன் — அப்படியா சார்?" என்று இங்கிருந்தே உரக்கக் கேட்டார். அளவுநாடா சர்ரென்று சுருண்ட சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

"சுவர் இருக்கட்டும். எனக்கு வேணும்" என்று சிரித்தார். நல்ல பல்வரிசை.

மார்ச் 20
சுவரில் பெயர்ப்பலகை. வாசகம் அடியேனுடையது: 'நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கட்டடக் கலைஞர்களின் ஒலியறிவுக்குச் சான்று.' பலகை மாட்டத் துளை போட்டதும் காரை பெயர்ந்து ஒரு செங்கல் உள்ளே சரிந்தது. துளை போட்ட எலக்ட்ரீஷியன் எட்டிப் பார்த்தார்.

"சார், உள்ள கழிவறைக் குழாய் போகுது. அதை மறைக்கத்தான் இந்தச் சுவரையே எழுப்பியிருக்காங்க."

"உளறாதய்யா" என்று நானும் எட்டிப் பார்த்தேன். செங்கல்லில் சூளைக்காரர் பதித்த வருடம் தெளிவாகத் தெரிந்தது. நான் பிறந்த வருடம்.